ஆறு துறைகளும் ஓர் அளவுநாடாவும்

வேலி ஒரு சாண் தள்ளி நாட்டப்பட்டது என்பதற்காக இரண்டு தலைமுறை கோடேறிய குடும்பங்களை யாழ்ப்பாணத்தார் எல்லோரும் அறிவர். அரைக்குழி நிலத்துக்காக ஒரு பரப்பு நிலத்தின் பெறுமதியைப் பிறக்கிராசிமாருக்குக் கொடுத்து முடித்தவர்களும் உளர். அத்தகைய நமக்கு, அமெரிக்க நாட்டின் பெயர் பெற்ற உயர்கல்விக் கூடம் ஒன்றிலே, ஆளரவம் அடங்கிய வேளையில், ஒரு பேராசிரியை அளவுநாடாவும் கையுமாகத் தரையில் முழந்தாளிட்டு அறை அறையாக அளந்து திரிந்தார் என்னும் செய்தி விசித்திரமாகத் தோன்றாது. அவர் எதற்காக அளந்தார் என்பதையும், அளந்ததனால் யாது விளைந்தது என்பதையுமே இங்கு சொல்லப் புகுகின்றோம்.

பொஸ்டன் மாநகருக்கு அணித்தாய், சாள்ஸ் நதிக்கரையில், கேம்பிரிட்ஜ் என்னும் பட்டினத்திலே அமைந்திருப்பது மசாச்சுசெட்ஸ் தொழினுட்ப நிறுவனம். எம்.ஐ.டி. என்னும் மூன்றெழுத்தாலேயே உலகம் அதனை அறியும். பெயர் நிறுவனம் எனினும் அஃது ஒரு பல்கலைக்கழகமே. அதன் விஞ்ஞான பீடத்தில் ஆறு துறைகள் உள. உயிரியல், இரசாயனம், பௌதிகம், கணிதம் ஆகிய நான்கையும் நாம் அறிவோம். புவியையும் வளிமண்டலத்தையும் கோள்களையும் ஆராய்வது ஐந்தாவது. மூளையையும் அறிவையும் ஆராய்வது ஆறாவது. நம் கதையின் தலைவியாகிய நான்சி ஹொப்கின்ஸ் அம்மையார் 1943இற் பிறந்து, ஹாவாட் பல்கலைக்கழகத்தில் 1971இற் கலாநிதிப் பட்டம் பெற்று, 1973இல் இங்கு உயிரியல் ஆசிரியராக வந்து சேர்ந்தவர். புற்றுநோயை விளைக்கும் வைரசுக்களைப் பற்றி ஆராய்ந்து பெயர் பெற்றவர். பெண்ணுரிமை பேசுவோரிடத்து அவருக்கு அக்காலத்திற் பெரும் ஈடுபாடு இருந்ததில்லை. சட்டம் கதவைத் திறந்துவிட்டது; இனித் திறமையுள்ளவர் முன்னேறுவர்; விஞ்ஞானத்திற்கு ஆணென்றும் பெண்ணென்றும் தெரியாது என்பதே அவருடைய நம்பிக்கை. அந்நம்பிக்கையோடு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்தார். குறை கூறுவதையே தொழிலாகக் கொண்டவர் அல்லர் அவர் என்பதை வாசகர் மனத்திற் கொள்ளவேண்டும்.

1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் அம்மையார் தம் ஆராய்ச்சியின் திசையை மாற்றினார். வரிக்குதிரை மீன் என ஒரு சிறு மீன் உண்டு. விரலளவு நீளந்தான், உடல் நெடுகக் கோடுகள். அதன் கருவானது கண்ணாடிபோல ஒளி ஊடுருவத் தக்கது. ஆகையால் ஒரு துளி உயிர்ப்பொருள் எவ்வாறு தலையும் வாலும் துடிக்கும் இதயமும் உடைய உயிராகின்றது என்பதை நுணுக்குக்காட்டியின் கீழே நேருக்கு நேர் பார்த்தறியலாம். இம்மீனைக் கொண்டு, உயிர் உருப்பெறுதற்கு இன்றியமையாத பரம்பரையலகுகள் எவையெனத் தேடிக் காண்பதே அம்மையாரின் நோக்கம். மீன் வளர்க்கத் தொட்டி வேண்டும். தொட்டி வைக்க இடம் வேண்டும். அவர் கேட்டது 200 சதுர அடி. நம் வீட்டு விறாந்தை ஒன்றின் அளவு. அது கிடைக்கவில்லை. மற்றையோருக்கு உள்ள இடம் அவருக்கும் உள்ளது என்று மறுமொழி வந்தது.

மெய்தானா என்று அறிய விரும்பிய அம்மையார் 1993இல் அளவுநாடாவை எடுத்தார். கட்டடத்தில் இருந்த ஆய்வுகூடங்கள் அனைத்தையும் அளந்து குறித்தார். முழுப் பேராசிரியர் நிலையில் இருந்த ஆண்களுக்குச் சராசரி 3,000 சதுர அடி இருந்தது. அப்பொழுதுதான் பதவிக்கு வந்த இளம் ஆசிரியர்க்கு 2,000 சதுர அடி. இருபது ஆண்டுச் சேவையுடைய இவருக்கோ 1,500 சதுர அடி. நம்மூர் வரகுப் பரப்புக் கணக்கிற் சொன்னால், ஒத்த பதவியில் உள்ள ஆணுக்கு ஒரு பரப்புக்குச் சற்று மேல். இவருக்கு அரைப் பரப்புக்குச் சற்று மேல். வேலியைப் பற்றிய வழக்கென்றால் நில அளவையாளர் வந்த அன்றே தீர்ந்திருக்கும். கல்விக்கூடத்து வழக்கு அவ்வளவு எளிதன்று. கணக்கைக் காட்டியும் உடனே பயன் விளையவில்லை. அதன்மேல், தாம் பாடுபட்டு உருவாக்கிக் கற்பித்து வந்த உயிரியற் பாடநெறி ஒன்றிலிருந்து தாம் விலக்கப்படுவதாக 1994இல் அவர் அறிந்தார். அவ்வளவில் பொறுமை எல்லை கடந்தது. நிறுவனத்தின் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார்.

எழுதியவர் அதனை உடனே அனுப்பவில்லை. தம் துறையைச் சேர்ந்த மேரி லூ பார்டியூ என்னும் மூத்த உயிரியலாளரிடம் காட்டி, கடிதத்தின் தொனி சரிதானா என்று கேட்க எண்ணினார். கேட்கவும் அஞ்சினார். பார்டியூ அம்மையார் அடக்கமும் பெரும் புகழும் உடையவர். இத்தகைய முறைப்பாடு ஒன்றைக் கண்டால் தம்மைப் பற்றி அவர் தாழ்வாக எண்ணிவிடுவாரோ என்பதே அச்சம். இருவரும் ஓர் உணவுச்சாலையில் அமர்ந்திருந்தனர். பார்டியூ கடிதத்தை வாசித்தார். வாசித்து முடித்ததும், தாமும் அதில் ஒப்பமிட விரும்புவதாகவும், தலைவரைக் காணத் தாமும் உடன் வருவதாகவும் கூறினார்.

அந்த மேசையிலேதான் இக்கதை திரும்புகின்றது. ஒரே துறையில், ஒரே கூரையின் கீழ், பல ஆண்டுகளாகக் காலை வணக்கம் சொல்லிக்கொண்டு போன இருவர். இருவர் உள்ளத்திலும் ஒரே முள். ஒருவருக்கொருவர் அதனைச் சொன்னதில்லை. சொன்னால் திறமைக் குறைவுக்குச் சாட்டுத் தேடுவதாகக் கொள்ளப்படும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே எண்ணியிருந்தனர். ஆசிரியர் ஓய்வறைகளிற் காலம் கழித்த எமக்கு இது புதிதன்று. கூட்டத்திலே ஓர் ஆசிரியை எழுந்து குறை ஒன்றைச் சொன்னால், அவர் அமர்ந்ததும், 'அவவின் சுபாவம் அப்படி' என்று மெல்லச் சொல்வதற்கு ஒருவர் எப்பொழுதும் இருப்பார். குறை சுபாவமாகிவிட்டால் அதனை ஆராய வேண்டியதில்லை அல்லவா?

பல்கலைக்கழகம் என்பது வெளியிலிருந்து பார்ப்போருக்கு ஒரே மாளிகையாகத் தோன்றும். உள்ளே அது பல தனிக் குடித்தனங்கள் கூடிய தொகுதி. ஒவ்வொரு துறைக்கும் ஒரு தலைவர்; சம்பள உயர்வு, ஆய்வுகூட இடம், கற்பித்தற் சுமை, பரிசுக்குப் பெயர் முன்மொழிதல் எல்லாம் பெரும்பாலும் அத்துறைக்குள்ளேயே தீர்மானமாகும். பௌதிகத் துறையில் நடப்பதை இரசாயனத் துறையார் அறியார். அறிய முயல்வதும் நாகரிகம் அன்று எனக் கருதப்படும். ஒரு துறையிலே பெண்கள் இருவரோ மூவரோதாம் இருப்பர். அவர்களுள் ஒருவருக்குச் சம்பளம் குறைவென்றால், அவருடைய ஆராய்ச்சி சற்றுத் தளர்ந்துவிட்டது என்பார்கள். இன்னொருவருக்கு இடம் குறைவென்றால், அவர் கேட்கவேண்டிய காலத்திற் கேட்கவில்லை என்பார்கள். தனித்தனியே எடுத்தால் ஒவ்வொரு விளக்கமும் பொருத்தமாகவே இருக்கும். ஆறு துறைகளின் கணக்கையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டினாலன்றி அவ்விளக்கங்களின் பொய்ம்மை வெளிப்படாது.

அதனையே அவர்கள் செய்தார்கள். சிஸம் என்னும் மூன்றாம் பேராசிரியை ஒருவரும் அவர்களுடன் சேர்ந்தார். கடல்வாழ் நுண்ணுயிர்களை ஆராய்பவர். பொறியியற் பீடத்தைச் சேர்ந்தவர். விஞ்ஞான பீடத்தில் நிரந்தரப் பதவி பெற்ற பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கினர். எண்ணி முடிக்க நெடுநேரம் ஆகவில்லை. ஆறு துறைகளிலும் சேர்த்து 15 பேர். அப்பதவியில் இருந்த ஆண்களோ ஏறத்தாழ 200 பேர். எண்ணியவர்களே திகைத்தனர். அதே பீடத்தின் சில துறைகளிற் பட்டப்படிப்பு மாணவியர் தொகை மாணவர் தொகையை விஞ்சி நின்ற காலம் அது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். ஆசிரியருள் பெண்களின் பங்கு நூற்றுக்கு எட்டு என்னும் அளவிலே பத்தாண்டுகளுக்கு மேலாக அசையாது நின்றிருந்தது.

பின்னர் ஒவ்வொருவரையும் நேரிற் சென்று கண்டனர். கட்டடம் கட்டடமாக நடந்து, கதவைத் தட்டி, கதவை மூடிக்கொண்டு பேசினர். எல்லா அறைகளிலும் ஏறக்குறைய ஒரே கதையே கேட்டது. அழைக்கப்பட்ட பெண்கள் 17 பேரில் 16 பேர் ஒப்பமிட்டனர். 1994 ஓகஸ்ட் மாதத்திற் பீடாதிபதி றொபேட் பேர்ஜனோவை அவர்கள் சென்று கண்டனர். அவர் ஒரு பௌதிகவியலாளர். ஒருவர் வந்து முறையிட்டிருந்தால் அது வேறு. விஞ்ஞானத்திலே தத்தம் துறையில் முன்னணியில் நின்ற பெண்கள் பல துறைகளிலிருந்தும் ஒன்றாக வந்து, ஒருவர்பின் ஒருவராகத் தம் அனுபவத்தைச் சொன்னபோது, தம் உள்ளம் அங்கேயே மாறியதென அவர் பின்னர் சொல்லியிருக்கிறார். பல அளவீடுகள் ஒரே திசையைக் காட்டினால் அதனை அளவைப் பிழை என்று தள்ளிவிடப் பௌதிகவியலாளர்க்கு மனம் வராது போலும்.

துறைத் தலைவர் எல்லோரும் இதனை உவந்து ஏற்றனர் என்று எண்ணற்க. குழு ஒன்று அமைக்கலாமா, அதன் அதிகாரம் எவ்வளவு என்பனவற்றைப் பற்றி மாதக்கணக்கில் வாதம் நிகழ்ந்தது. ஈற்றில், 1995இன் தொடக்கத்திற் குழு அமைந்தது. துறைக்கொரு மூத்த பேராசிரியை அதில் இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. கணிதத் துறையிலிருந்து மாத்திரம் எவரும் வரவில்லை. அங்கே நிரந்தரப் பதவி பெற்ற பெண் ஒருவர்கூட அன்று இலர். மூத்த ஆண் பேராசிரியர் சிலரும் குழுவிற் சேர்க்கப்பட்டனர். பெண்கள் முதலில் இதனை அவ்வளவாக விரும்பவில்லை. ஆயினும் அது நல்ல முடிவாயிற்று. துறைத் தலைவராய் இருந்து பழகிய ஒருவருக்கு எந்தப் பெட்டகத்தில் எந்தக் கணக்கு இருக்கும் என்பது தெரியும். அவர் சொன்னதை மற்றை ஆண்களும் செவிமடுப்பர்.

குழு கண்டவற்றுள் எம் உள்ளத்தைத் தைத்தது சம்பளக் கணக்கன்று, இடக் கணக்குமன்று. இளம் ஆசிரியைகளும் மூத்த பேராசிரியைகளும் சொன்ன மறுமொழிகளில் இருந்த வேறுபாடே. இளையோர் தமக்கு ஒரு குறையும் இல்லை என்றனர். குடும்பத்தையும் தொழிலையும் ஒருங்கே நடத்துவது எப்படி என்பதே அவர்களுடைய கவலை. மூத்தோர் தாம் ஓரங்கட்டப்பட்டதாகக் கூறினர். துறையின் முக்கிய முடிவுகள் தம்மைக் கேளாமலே எடுக்கப்படுவதாகக் கூறினர். பழைய தலைமுறைக்கு அநீதி நடந்தது, புதிய தலைமுறை தப்பித்துக்கொண்டது என்று இதற்குப் பொருள் சொல்லத் தோன்றும். குழு அவ்வாறு கொள்ளவில்லை. இன்றைய மூத்தோரும் தம் இளமையில் இதே மறுமொழியையே சொல்லியிருந்தனர். இடமும் பணமும் அதிகாரமும் பங்கிடப்படும் மட்டத்துக்கு ஏறும்வரை ஒருவர்க்கும் தடை தெரிவதில்லை. ஏறிய பின்னரே கதவு சாத்தியிருப்பது தெரிகின்றது. ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு முந்திய தலைமுறையோடு அது முடிந்தது என்றே எண்ணிக்கொண்டிருந்தது.

இதனை வேண்டுமென்றே செய்த கொடியவர் எவரையும் குழு காணவில்லை. நல்லெண்ணம் உடையவர்களே, தாம் செய்வது இன்னதென்று அறியாமலே, சிறிது சிறிதாகச் செய்தனர் என்பதே அவர்கள் முடிவு. எமக்கு இது கொடியவன் ஒருவனைக் கண்டுபிடிப்பதிலும் அச்சம் தருகின்றது. கொடியவனை நீக்கிவிடலாம், நல்லவர்களை என் செய்வது?

அறிக்கையின் சுருக்கம் 1999 மார்ச் மாதத்தில் நிறுவனத்து ஆசிரியர்களின் செய்திமடலில் வெளிவந்தது. அப்பொழுது ஆசிரியர் சபைக்குத் தலைமை வகித்த லொற் பெய்லின் அம்மையார், முகாமைக் கல்வித் துறையைச் சேர்ந்தவர், முன்னுரை எழுதினார். நிறுவனத் தலைவர் சாள்ஸ் வெஸ்ட், பல்கலைக்கழகங்களிற் பெண்களுக்குக் காட்டப்படும் பாகுபாடு பாதி உண்மை, பாதி தோற்றம் என்று தாம் எண்ணியிருந்ததாகவும், உண்மையின் பங்கே மிகப் பெரியது என்று இப்பொழுது உணர்வதாகவும் வெளிப்படையாக எழுதினார். பெரிய நிறுவனம் ஒன்றின் தலைவர் தம் வீட்டுக் குற்றத்தைத் தாமே ஒப்புக்கொள்வது அரிய நிகழ்ச்சி. பொஸ்டனிலும் நியூயோக்கிலும் வெளிவரும் பெரும் பத்திரிகைகள் முதற் பக்கத்தில் அதனைப் போட்டன. நாடெங்கிலுமுள்ள பல்கலைக்கழகப் பெண்கள், அது தங்கள் கதையே என்று ஹொப்கின்ஸ் அம்மையாருக்கு எழுதினர்.

எதிர்த்தோரும் இருந்தனர். முறையிட்டவர்களே நீதிபதிகளாகவும் அமர்ந்தார்கள் என்றனர். சம்பள விபரங்கள் முழுமையாக வெளியிடப்படவில்லை, ஆகவே வெளியார் சரிபார்க்க வழியில்லை என்றனர். இரண்டாவது வாதத்தில் நியாயம் உண்டு என்றே எமக்குத் தோன்றுகின்றது. பதினைந்து பேர் மாத்திரமே உள்ள இடத்திற் சம்பளப் பட்டியலை வெளியிடுவது ஒவ்வொருவர் பெயரையும் வெளியிடுவதாகவே முடியும் என்பதும் உண்மை. இவ்வளவு சிறிய தொகையைக் கொண்டு நிகழ்த்தும் ஆராய்ச்சியில் இந்தச் சங்கடம் என்றும் இருக்கும். எனினும் பீடாதிபதி அக்கணக்குகளைப் பார்த்தவர். பார்த்த பின்னர்ச் சம்பளங்களைத் திருத்தினார், இடம் ஒதுக்கினார், புதிய ஆசிரியைகளைத் தேடி நியமித்தார். வாதத்திலும் இது வலிய சான்று.

தொடர்ந்து நிகழ்ந்தவற்றைச் சுருங்கச் சொல்வோம். 2001 சனவரியில் ஒன்பது முதன்மைப் பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் எம்.ஐ.டி.யிற் கூடி, தடைகள் உள்ளன என்பதை ஒப்புக்கொண்டு அவற்றை நீக்க முயல்வதாக அறிவித்தனர். 2002இல் நிறுவனத்தின் மற்றைப் பீடங்களும் தத்தம் அறிக்கைகளை வெளியிட்டன. பிள்ளை பெறும் ஆசிரியர்க்கு நிரந்தரப் பதவிக்கான கால எல்லை நீட்டிக் கொடுக்கப்பட்டது. வளாகத்துக்குள்ளே குழந்தை பராமரிப்பு நிலையம் அமைந்தது. நிறுவனம் தன் முதற் பெண் தலைவரை 2004இற் பெற்றது. இனவேறுபாடு பற்றிய தனி ஆய்வொன்று 2010இல் வெளிவந்தது. அதனை வழிநடத்தியவர் பவுலா ஹமண்ட் என்னும் கறுப்பினப் பேராசிரியை, இரசாயனப் பொறியியலாளர்.

விஞ்ஞான பீடத்திற் பெண் ஆசிரியர் தொகை 1999இல் 30 ஆக இருந்து 2011இல் 52 ஆயிற்று. இத்தொகை ஒரே சீராக ஏறியதன்று. ஹொப்கின்ஸ் அம்மையார் 2006இற் பழைய பதிவேடுகளை எடுத்து ஆண்டுதோறும் எத்தனை பேர் என்று வரைந்து பார்த்தார். வரைபு இரண்டு இடங்களிலே மாத்திரம் செங்குத்தாக ஏறியிருந்தது. ஒன்று, சட்டத்தின் அழுத்தம் வந்த 1970களின் முற்பகுதி. மற்றது, பேர்ஜனோ பீடாதிபதியாய் இருந்து அறிக்கையின்படி செயலாற்றிய 1990களின் இறுதி ஆண்டுகள். அவர் 2000இல் வேறு பல்கலைக்கழகத்திற்குத் தலைவராகப் போனதும் கோடு மறுபடி படுத்துக்கொண்டது. காலம் தானாகவே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று ஆறுதல் சொல்வோருக்குக் காட்டத்தக்க படம் அது.

2011ஆம் ஆண்டறிக்கையில் ஒரு புதிய முறைப்பாடும் காணப்பட்டது. குழு என்று ஒன்று அமைந்தால் அதிற் பெண் ஒருவர் இருக்கவேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. குழுக்களோ பல, பெண்களோ சிலர். ஆகவே அதே சில பெண்கள் எல்லாக் குழுக்களிலும் அமர்ந்து, ஆய்வுகூடத்திற்குப் போக நேரமின்றித் தவித்தனர். பெண்ணாகையாற் சலுகையிற் பதவி பெற்றவர் என்னும் முணுமுணுப்பும் அவர்களுடைய காதில் விழுந்தது. முன்னர் அழையாமையால் வந்த துன்பம். பின்னர் ஓயாது அழைத்தலால் வந்த துன்பம். இப்பொழுது அந்நாட்டில் இம்முயற்சிகளின் பெயர்களே அரசியற் பூசலுக்கு உரியனவாகிவிட்டன. பெயரை வைத்துப் பூசலிடுவோர் 1993இல் அளவுநாடா காட்டிய எண்களை ஒருமுறை படித்துப் பார்ப்பாராக.

அம்மையாரின் மீன்களைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டோம். இடம் பின்னர் கிடைத்தது. தொட்டிகள் வரிசை வரிசையாக எழுந்தன. மீன்களின் பரம்பரையலகுகளை ஒவ்வொன்றாகக் குலைத்து, எது குலைந்தால் கரு உருப்பெறாமற் போகின்றது என்று அவரும் அவருடைய மாணவரும் ஆண்டுக்கணக்கிற் பொறுமையோடு பார்த்தனர். 2004இல் முடிவு வெளிவந்தது. ஒரு மீன் மீனாவதற்கு இன்றியமையாத பரம்பரையலகுகள் 315 அந்த ஆய்வுகூடத்தில் அடையாளம் காணப்பட்டிருந்தன. அவ்வாண்டிலேயே அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகம் அவரை உறுப்பினராகத் தெரிவு செய்தது.